ஆயிரம் படிக்கு ஒரு பொய்

சென்னாஜம்மா சாமி பெயரில் பொய் சொன்னது தன் அறுபத்தொரு வயதில் ஒரே ஒரு தடவைதான். ஆனால் அது சின்னப் பொய் இல்லை. சாட்சாத் சாமுண்டி அம்மனையே இழுத்து வைத்துச் சொன்ன பொய். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடித்து என்ன பிரயோஜனம்? வாயை விட்டுப் போனது போனதுதான்.

பொய்க்குக் காரணம் அவள் வீட்டுக்காரர் லிங்கய்யா. முப்பத்துநாலு வருஷம் மைசூரிலிருந்து பந்திப்பூர்க் காடு வழியாக ஊட்டிக்கு பஸ் ஓட்டியவர். நடு ரோட்டில் யானை நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டு, நிதானமாக ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு காத்திருக்கிற மனுஷன். சென்னாஜம்மா அதே காலத்தில் மைசூர் வித்யாரண்யபுரத்து வீட்டில் பலகை போட்டு உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டினாள். அவர் ஸ்டியரிங் முன்னால், இவள் பலகை முன்னால். கணக்குப் பார்த்தால் இரண்டு பேரும் உட்கார்ந்தே பாதி ஆயுளை ஓட்டியிருக்கிறார்கள். அதற்குப் பரிசாக அவருக்குத் தொப்பை, இவளுக்கு முட்டிவலி. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதானே என்று இருந்துவிட்டார்கள்.

சங்கராந்தி முடிந்த நாலாம் நாள், அவரைக்காய் வாங்குகிறேன் பேர்வழி என்று மார்க்கெட்டுக்கு நடந்து போன லிங்கய்யா, பூக்கடைச் சந்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பூக்காரர்கள்தான் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். நல்ல வேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சென்னாஜம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மாத்திரை பாதி வேலைதாம்மா பண்ணும். மீதி இவர் காலுதான் பண்ணணும். முதல்ல பத்து நிமிஷம், அப்புறம் கால் மணி, அப்புறம் அரை மணி. தினமும் நடக்கணும். உக்காந்தே இருந்தாருன்னா மறுபடியும் என்கிட்டதான் வருவாரு."

அந்த மனுஷனோ வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். ஒரு நாள் வெயில் என்பார். ஒரு நாள் தெருநாய் என்பார். செருப்பு கடிக்கிறது என்பார். போனால் போகிறது என்று ஒரு நாள் எழுந்து வாசல் கேட் வரை போவார். தாழ்ப்பாளில் கையை வைப்பார். அப்படியே நின்றுவிட்டு, டிவியில் செய்தி போடுவான் என்று திரும்பி வந்துவிடுவார்.

சென்னாஜம்மாவுக்குப் புரியாமல் இல்லை. நடந்து போன இடத்தில்தானே விழுந்தார்? நடந்தால் மறுபடி அது வரும் என்று அவர் மனசுக்குள் உட்கார்ந்துவிட்டது. பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருப்பாள். சொல்லுவாரா? மீசையை வேண்டுமானால் மழித்துக்கொள்வார், அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார். முகம் ஊதிக்கொண்டே வந்தது, கணுக்கால் வீங்கியது. சமையல்கட்டில் களி கிண்டிக்கொண்டிருக்கும்போது ஹாலில் சத்தம் இல்லையென்றால் துடுப்போடு ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. இப்படி ஒரு மாசத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சிவராத்திரி முடிந்த வாரம் ஒரு காலை, செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். அவர் காலால் தள்ளிவிட்டார்.

"போடீ. நாளைக்குப் பாக்கலாம்."

அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்து வந்ததோ. "நீங்களா பொழச்சு வந்ததா நெனப்போ? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகிட்டு அம்மாகிட்ட வேண்டிகிட்டிருக்கேன். என் புருஷனத் திருப்பிக் குடு தாயே, உன் சாமுண்டி மலைப்படி ஆயிரத்துக்கும் அவர் கையாலயே மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்றேன்னு. அவ குடுத்துட்டா. நீங்க என்னடான்னா காலால தள்றீங்க!"

மைசூரில் இதற்கு மேல் ஒருத்தரும் பேசமுடியாது. மலை மேல் இருக்கிறவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இங்கே பால்காரனிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லாருக்கும் தெரியும். லிங்கய்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னைக் கேக்காம எதுக்குடி என் பேர்ல வேண்டின?"

"நீங்க எங்க கேக்குற நெலமையில இருந்தீங்க?"

அவர் செருப்பை மாட்டினார்.

உண்மை என்னவென்று சென்னாஜம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவள் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கைகூடக் கூப்பவில்லை. அறுபது வருஷமாகத் தூங்கி எழுந்தவுடன் மலையைப் பார்த்துக் கும்பிடுகிறவளுக்கு, அந்த நாலு மணி நேரம் சாமி பெயரே வாயில் வரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றாள். அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லாமல் அடைகாத்தவள், அதன் மேலேயே இந்தப் பொய்யையும் கட்டிவிட்டாள்.

முதல் ஒரு வாரம் மலை அடிவாரம் வரைதான். வீட்டிலிருந்து கால் மணி நேரம். போகிற வழியில் மூன்று இடத்தில் உட்காருவார்கள். அப்புறம் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் ஷாஹீன் என்ற பெண்ணிடம் போய், படியேறிக் குங்குமம் வைக்கலாமா என்று கேட்டார்கள். அந்தப் பெண் டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்து சொன்னாள்.

"ஏறலாம் அப்பாஜி, ஆனா ஒரு கண்டிஷன். அம்மாகூடப் பேசிக்கிட்டே ஏறணும். பேச்சு வரலேன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், உடனே உக்காந்துடணும். குனிஞ்சு குனிஞ்சு வைக்காதீங்க, தலை சுத்தும். படியில உக்காந்து வைங்க, எழுந்திரிங்க, அடுத்த படி. நெஞ்சுல ஏதாவது பண்ணா அன்னிக்கு ஏறவே கூடாது, நேரா இங்க வரணும்."

"உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கிறதா? அது தேகப்பயிற்சியாச்சே."

"ஆமா அப்பாஜி. நான் சொன்னா செய்யமாட்டீங்கன்னுதான் அம்மன் சொல்லியிருக்காங்க," என்று சிரித்தாள் ஷாஹீன். சென்னாஜம்மாவுக்குச் சுருக்கென்றது.

முதல் நாள் ஐந்து படி. உட்கார்ந்து, மஞ்சளைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு வைத்து, முட்டியில் கையூன்றி எழுந்து, அடுத்தது. விட்ட இடத்தில் ஓரமாக ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டு இறங்குவார்கள். மறுநாள் அந்தக் கல் வரை மெதுவாக ஏறி, அங்கிருந்து ஐந்து. பிறகு ஏழு. நாள் போகப் போக, கல் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருவதே பெரிய நடையாகிவிட்டது. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு லீவு. யாரும் விரட்டவில்லை.

பேசிக்கொண்டே ஏறவேண்டும் என்றால் எதையாவது பேசியாகவேண்டுமே! கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அவருக்கு ராத்திரி டியூட்டி, இவளுக்கு ஊதுவத்தி. இப்போது படிக்குப் படி கதை. கூடலூர்ப் பக்கம் பஸ்ஸிலேயே பிள்ளை பெற்றவளைப் பற்றி அவர் சொன்னார். அவர் அம்மா தன்னை முதல் வருஷம் என்ன பாடு படுத்தினாள் என்று இவள் சொன்னாள். "அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "சொல்லி? நீங்க பஸ்ஸை எடுத்துட்டுப் போயிருப்பீங்க," என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

படியில் குங்குமம் வைப்பது இங்கே பெண்கள் செய்வது. தொப்பையும் மீசையுமாக ஓர் ஆள் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து வைத்தால் சும்மா இருப்பார்களா? காலேஜ் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். லிங்கய்யாவோடு ஒரே பஸ்ஸில் பத்தொன்பது வருஷம் கண்டக்டராக இருந்த ஜவரப்பா, தினமும் மலையேறுகிறவர், ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"என்னய்யா டிரைவரே, சீமந்தமா? வளையல் எங்க?"

"உன் பொண்டாட்டிக்குப் போட்டது போக மிச்சமிருந்தா குடு."

சித்திரை, வைகாசி போயிற்று. அவர் தொப்பை இறங்கியது. பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டவேண்டியதாயிற்று. சர்க்கரை, அழுத்தம் எல்லாம் அடங்கிவிட்டது, இப்படியே விடாமல் செய்யுங்கள் என்று டாக்டர் முதுகில் தட்டினார். வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. குழாயடியில் குடம் பிடிப்பார், செடிக்குத் தண்ணீர் விடுவார், போன் வந்தால் நடந்துகொண்டே பேசுவார். ஒன்று மட்டும் மாறவில்லை. தனியாக எங்கும் போகமாட்டார். தெருமுனைக் கடைக்குக்கூட, "வாடி, சும்மா வா," என்று அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார்.

சென்னாஜம்மாவுக்கோ அவர் தேறத் தேற உள்ளுக்குள் உதறல். பொய்க்குக் கூலியாக அம்மன் அவரையே கேட்டுவிட்டால்? அவர் ஒவ்வொரு படியிலும் குங்குமம் வைக்கும்போது, பின்னால் நின்று, "தப்புத்தாம்மா, தப்புத்தாம்மா," என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். பக்தி என்று நினைத்துக்கொண்டார் அவர்.

ஆஷாட மாசம் பிறந்தது. அம்மனுக்கு உகந்த வெள்ளிக்கிழமைகள். ஊரே மலைக்குத் திரளும். கூழாங்கல் அறுநூறாவது படியைத் தாண்டியிருந்தது. ஆஷாடத்தின் கடைசி வாரம், ஒரு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஜவரப்பா வேட்டு வைத்தார்.

"ஏன்யா, ஒண்ணு கேக்குறேன். மைசூர்ல ஏறி ஊட்டிக்கு டிக்கெட் வாங்கினவன், பாதி வழியில நஞ்சன்கூடுல எறங்கி வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு, மறுநாள் அதே டிக்கெட்டைக் காட்டினா நாம விட்டமா?"

"எப்படி விடுவோம்? எறக்கித்தான் விடுவோம்."

"பின்ன? வேண்டுதல்னா ஒரே டிக்கெட்டுய்யா. கீழ ஏறினா மேலதான் எறங்கணும். தவணை முறையில ஏறுறதுக்கு இதென்ன ஃபிரிட்ஜா?"

ஜவரப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். பாவி மனுஷன், சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் டிக்கெட் விஷயத்தில் லிங்கய்யாவுக்குக் கண்டக்டர் சொன்னதுதான் சட்டம். வீட்டுக்கு வந்தவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"கடைசி வெள்ளிக்கிழமை முதல் படியிலேருந்து ஒரே மூச்சா வைக்கப் போறேன். அவ உசிரக் குடுத்திருக்கா, நான் என்னடான்னா அஞ்சு அஞ்சா எண்ணிகிட்டிருக்கேன்."

"டாக்டர் ஒத்துக்கமாட்டாருங்க. அன்னிக்குக் கூட்டம் வேற நெரியும்."

"டாக்டருக்கு என்னடி தெரியும் இது? வேண்டினது நீ. பாக்கி வச்சு அவ திருப்பி எடுத்துக்கிட்டா?"

தான் பயந்த அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. ஆயிரம் தடவை உட்கார்ந்து ஆயிரம் தடவை எழுந்திருக்க, அந்த நெரிசலில், ஸ்டென்ட் வைத்த நெஞ்சு தாங்குமா? நடக்க வைக்கச் சொன்ன பொய்யே ஆளைக் கொண்டுபோய்விடும் போலிருக்கிறதே! சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆகுமோ. சொன்னால் அவர் பழையபடி நாற்காலிக்குப் போய்விடுவார், அதுவும் மெதுவாக வருகிற அதே முடிவுதான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

வியாழக்கிழமை விடிகாலை, கூழாங்கல் பக்கத்தில் அவர் உட்கார்ந்து மஞ்சள் கிண்ணத்தைக் கேட்டபோது சொல்லிவிட்டாள்.

"வேண்டுதலே இல்லைங்க."

"என்னது?"

"நான் வேண்டிக்கவே இல்ல. நீங்க நடக்கணும்னு பொய் சொன்னேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவ பேரே எனக்கு வாயில வரல. எவ்வளவோ பாத்தேன், வரல. நாளைக்கு நீங்க ஏறாதீங்க. உங்க கால்ல விழறேன்."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் தான் வைத்துக்கொண்டு வந்த படிகளைப் பார்த்தார். பாதிப் படிகளுக்கு மேல் மஞ்சளும் குங்குமமும் மழையில் கரைந்து போயிருந்தன.

"ஆனா நான் நிஜமா வச்சேனே, சென்னி," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஏமாந்த பிள்ளை மாதிரிச் சொன்னார். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை போயிற்று. மலையிலிருந்து மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் பிரம்பு நாற்காலியில். சனிக்கிழமையும் அங்கேயே. வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்கு உம் கொட்டினார். அவள் செருப்பை எடுத்து வைக்கவில்லை. எந்த முகத்தோடு வைப்பாள்?

ஞாயிறு விடிவதற்குள் குளித்து, மஞ்சள் குங்குமக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டுவிட்டாள். தப்புக்குத் தண்டம் தானே கட்டுவது என்று முடிவு. ஆயிரம் படி, ஒரே மூச்சு, முதல் படியிலிருந்து. முட்டி? முட்டி கிடக்கிறது. இத்தனை மாசமும் அது வலித்ததைப் பற்றி அவரிடம் மூச்சுவிடவில்லை. டாக்டரிடம் போகும்போதெல்லாம் அவருக்கு மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குனிந்து குனிந்து வைத்தாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரியும். எண்பது படி வரை வேகமாகப் போய்விட்டாள். அதற்குமேல் இடது முட்டி மடங்கமாட்டேன் என்றது. கண் இருட்டியது. நூற்றுப் பத்திலோ என்னவோ, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றபோது, கீழேயிருந்து யாரோ செருப்புச் சத்தத்தோடு ஏறி வருவது கேட்டது.

லிங்கய்யா. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டுக் கேட்டைத் திறந்து, அந்தத் தெருவெல்லாம் தாண்டி, இவ்வளவு தூரம், தன்னந்தனியாக வந்திருக்கிறார். விழுந்த நாளுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

"எதுக்குங்க ஓடி வந்தீங்க? நெஞ்சு வலிக்குதா? பேசுங்க, பேச்சு வருதா?"

அவர் இல்லையென்று கையை ஆட்டினார். அவள் தோளைப் பிடித்து அழுத்திப் படியில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

"நீ பொத்துனு போய் விழுந்துட்டா என்ன பண்ணுவேன் நான்?" என்றார் மூச்சு அடங்கியதும். "இந்த முட்டிய வச்சுகிட்டு இத்தனை நாள் என் பின்னால ஏறினியா? வாயத் தொறந்து சொல்லமாட்ட. ஷாஹீன்கிட்ட நாளைக்கு நீதான் போற, நான் தொணைக்கு வரேன்."

"தப்பு பண்ணேங்க. அவ பேர்ல..."

"கேளுடி." அவர் படியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவ பேரு வாயில வரலேன்னு சொன்னியே, மூணு நாளா அதையேதான் நெனச்சுகிட்டிருந்தேன். பூக்கடைச் சந்துல விழுந்தேன் பாரு, அப்போ எனக்கும் வரல. சுத்தி அத்தனை பேரும் அம்மா தாயேன்னு கத்துறாங்க. எனக்கு சென்னி, சென்னின்னுதான் வந்துச்சு. இன்னொரு தடவ உன்னப் பாக்காம போயிடுவேனோன்னு அவ்வளவு பயம். வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல."

சென்னாஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று அவர் விட்டுவிட்டார். அவள் கையிலிருந்த கிண்ணங்களை வாங்கிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"பொய் சொன்ன தண்டத்துக்கு. ஆயிரத்தையும் இன்னிக்கே..."

"ஒண்ணும் வேணாம். எனக்கும் சேத்துதான் தண்டம், நானும் அவளக் கூப்பிடலையே. ரெண்டு பேரும் வைப்போம். மஞ்சள் நீ, குங்குமம் நான். எத்தன வருஷம் ஆனா என்ன?"

"ஜவரப்பா டிக்கெட் செல்லாதுன்னாரே?"

"அவன் கெடக்கான். மேல இருக்கறவ என்ன செக்கிங் இன்ஸ்பெக்டரா?"

அவர் முதலில் எழுந்து கை கொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து, வலது காலை ஊன்றி, மெதுவாக எழுந்தாள். அடுத்த படியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் மஞ்சள் வைத்தாள், அவர் குங்குமம் வைத்தார். அன்றைக்கு நாலு படி வைத்தார்கள். அவள் முட்டிக்கு அது போதும் என்று சொல்லி அவர் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.